சேர்ந்து பிடித்ததைச் சேர்ந்தே விடலாம்!

கார்த்திகை பிறந்ததும் பெட்டிக்கடைகளில் ஒரு மாற்றம் தெரியும். நேற்றுவரை ‘ஒரு கிங்ஸ் குடுண்ணே’ என்று கையை நீட்டியவர், இன்று கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மணி மாலையுமாக வந்து ஒரு டீயோடு நிறுத்திக்கொள்கிறார். கடைக்காரரும் ‘சாமிக்கு லைட்டா, ஸ்ட்ராங்கா?’ என்று கேட்கிறாரே தவிர, வழக்கம்போல சிகரெட்டை எடுத்து நீட்டுவதில்லை.

இருபது வருடமாக ஊதித் தள்ளியவர், மாத்திரை இல்லாமல், மருத்துவர் இல்லாமல் ஒரு மண்டலம் முழுக்க அதைத் தொடாமல் இருக்கிறார். ‘எப்படி முடியுது?’ என்று கேட்டால், ‘எல்லாம் ஐயப்பன் பார்த்துக்கிறான்’ என்பார். நம்பிக்கையின் பலத்தை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அந்த 41 நாளும் அவரைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

முதலாளியில் தொடங்கி பக்கத்து வீட்டுக் குழந்தை வரை அவரைச் ‘சாமி’ என்கிறார்கள். அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு வாயில் சிகரெட் வைக்க அவருக்கே கூசும். கூட்டாளிகள் ‘சாமி இருக்காருடா, தள்ளிப் போய் அடி’ என்கிறார்கள். வீட்டில் சமையல் மாறுகிறது. பொழுது சாய்ந்தால் பஜனை. கூடவே மாலை போட்ட நாலைந்து பேர். தடுமாறினால் தட்டிக் கேட்க ஒரு குருசாமி. இத்தனை பேர் சேர்ந்து ஒரு மனிதனைத் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

மாலை கழற்றிய பிறகு? சிலர் அப்படியே விட்டொழித்துவிடுகிறார்கள். பலர் மறுநாளே பழைய டீக்கடையில் பழைய இடத்தில் நிற்கிறார்கள். 41 நாள் முடிந்தது 42-ம் நாள் ஏன் முடியவில்லை? புகையை விட நினைக்கும் ஒவ்வொருவரும், அவரை விடவைக்க நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி இது.

உடம்பு சில வாரம்தான் கேட்கும்

புகையை இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே டோபமைன் சுரக்கிறது. ஒரு சின்ன சுகம், ஒரு சின்ன தெம்பு. சில மணி நேரத்தில் ரத்தத்தில் நிகோடின் குறைந்ததும் உடம்பு அடுத்ததைக் கேட்கிறது. திடீரென நிறுத்தினால் முதல் வாரம் பெரும்பாடு. எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை, அகோரப் பசி, மலச்சிக்கல் எல்லாம் வரிசை கட்டி வரும். இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் இவற்றில் பெரும்பாலானவை தணிந்துவிடும்.

அப்படிப் பார்த்தால், மாலை கழற்றும் நாளில் அந்தக் கண்டத்தை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். உடம்பின் நச்சரிப்பு ஓய்ந்துவிட்டது. அன்று அவர் இழப்பது, தன்னைத் தாங்கிய கூட்டத்தை. ‘சாமி’ மறுபடியும் ‘மச்சான்’ ஆகிறார். மச்சானுக்கு நெருப்பு நீட்டத் தயங்குபவர் யாரும் இல்லை.

நம் ஊரில் புகையை விடுவது என்றால் அது ஒரு தனிமனிதனின் வைராக்கியம் என்றே நினைக்கிறோம். ‘மனசு வெச்சா முடியும்’ என்று ஒரு வரியில் அறிவுரையை முடித்துக்கொள்கிறோம். 2016-17-ல் நடந்த உலக அளவிலான புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதைத் தாண்டியவர்களில் 10.7 சதவிகிதம் பேர் புகைப்பவர்கள், தமிழ்நாட்டில் 10.5 சதவிகிதம். நாடு முழுக்கப் புகைப்பவர்களில் 55 சதவிகிதம் பேர் விட வேண்டும் என்று திட்டமிடுபவர்கள் அல்லது யோசிப்பவர்கள். ஆக, மனசு வைப்பவர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால், விட முயன்றவர்களில் பத்தில் ஏழு பேர் எந்த உதவியும் இல்லாமல் தனியாகவே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அப்படித் தனியாக முயல்பவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான் என்கின்றன ஆய்வுகள்.

டீக்கடைக் கயிறு

இப்போதும் பல கடைகளில் வாசல் தூணில் ஒரு தேங்காய் நார்க் கயிறு தொங்கும். நுனியில் எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். தீப்பெட்டி வாங்கக் காசில்லாதவருக்கும் தயங்காமல் நெருப்பு தரும் பொதுச் சொத்து அது. ஒருவர் குனிந்து பற்றவைத்து நிமிர்வதற்குள் பின்னால் இன்னொருவர் நிற்பார். அறிமுகம் இல்லாதவர்கள் அந்தக் கயிற்றடியில்தான் பேசத் தொடங்குகிறார்கள்.

‘ஒரு தம் போட்டுட்டு வரலாம் வா’ என்பதில் சிகரெட் பாதிதான். மீதி பாதி, மேனேஜரின் கண்ணில் படாத பத்து நிமிடம். யாருக்கு இன்க்ரிமென்ட், யார் வேலையை விடப் போகிறார், யார் வீட்டில் என்ன பிரச்னை என்பதெல்லாம் அந்த வட்டத்தில்தான் புழங்கும். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை அமலானபோது அலுவலகங்களுக்குள் புகை நின்றது. புகைப்பவர்கள் வாசலுக்கும் எதிர்க்கடைக்கும் நகர்ந்தார்கள். தடை நல்லதுதான். ஆனால், அது வெளியே ஒரு சிறிய சங்கத்தையும் உருவாக்கிவிட்டது. சிகரெட்டை விடுபவர் அந்தச் சங்கத்தையும் விட்டாக வேண்டும். போகாவிட்டால் தனிமை, போனால் நாலு பேர் ஊதும் புகைக்கு நடுவே வெறும் கையோடு நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, ‘என்ன மாப்ள, வீட்டுல அடியா?’ என்று ஒரு கிண்டல்.

இதில் டீயின் பங்கும் உண்டு. சிகரெட் புகையில் இருக்கும் ரசாயனங்கள், டீ, காபியில் உள்ள கஃபீனை உடம்பு வேகமாக வெளியேற்றும்படி செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது. அதே நாலு டீயைக் குடித்தாலும் உடம்பில் கஃபீன் அதிகம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். ‘சிகரெட்டை விட்டதால்தான் இப்படி’ என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்களுக்கு, பாதி டீயைக் குறைத்தாலே நிம்மதி கிடைக்கும் என்பது தெரிவதில்லை.

ஒருவர் விட்டால் எத்தனை பேர்?

பழக்கம் கூட்டத்தில் தொற்றுகிறது என்பது நமக்குத் தெரியும். முதல் சிகரெட்டைத் தனியாக வாங்கிப் பிடித்தவர்கள் குறைவு. விடுவதும் அப்படித்தான் தொற்றுகிறதா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ராமிங்ஹாம் என்று ஓர் ஊர். இதய நோய் ஏன் வருகிறது என்று அறிய 1948-லிருந்து அந்த ஊர் மக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பரிசோதித்துவருகிறார்கள். யாராவது வீடு மாறிப் போனால் தேடிப் பிடிக்க வசதியாக, உறவினர் யார், நெருங்கிய நண்பர் யார் என்று எழுதி வாங்கி வைப்பது அங்கே வழக்கம். நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பழைய பதிவுகளைக் கொண்டு 12,067 பேரின் உறவு வலையை வரைந்தார்கள். 1971-லிருந்து 2003 வரை அதில் யார் எப்போது புகைத்தார், யார் எப்போது விட்டார் என்று பார்த்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள்.

கணவனோ மனைவியோ விட்டால், மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவிகிதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36 சதவிகிதம். சிறிய நிறுவனத்தில் கூட வேலை பார்ப்பவர் விட்டால் 34 சதவிகிதம். உடன்பிறந்தவர் விட்டால் 25 சதவிகிதம். பக்கத்து வீட்டுக்காரர் விட்டதால் மட்டும் எந்த மாற்றமும் இல்லை! கூப்பிடு தூரத்தில் இருப்பதைவிட, மனதுக்குப் பக்கத்தில் இருப்பதற்குத்தான் வலு.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த 32 ஆண்டுகளில் புகைப்பவர்களின் எண்ணிக்கை சரிந்தது. ஆனால் மிச்சமிருந்த புகைக் கூட்டங்களின் அளவு சிறுக்கவில்லை. அங்கொருவர் இங்கொருவராக விடாமல், குழுக்குழுவாக, கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் விட்டிருக்கிறார்கள். விடாதவர்கள் மெல்ல மெல்ல வலையின் ஓரத்துக்குப் போய்விட்டார்கள்.

‘இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே’ என்பார்களே, அதுபோல ஒரே சுபாவம் உள்ளவர்கள்தானே நண்பர்களாகிறார்கள், சேர்ந்து விட்டதில் என்ன ஆச்சர்யம் என்று இந்த ஆய்வைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். இந்தச் சதவிகிதங்களை அப்படியே நம் தெருவுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும், ஒருவர் விடுவது இன்னொருவரைத் தொடுகிறது என்பதற்கு வேறு இடங்களிலும் தடயம் கிடைக்கிறது.

மனைவி போலீஸ் ஆகலாமா?

இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 3,722 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. கணவன் தொடர்ந்து புகைக்கும் வீடுகளில், புகைக்கும் மனைவிகளில் 8 சதவிகிதம் பேரே விட்டார்கள். கணவன் ஏற்கெனவே புகைக்காதவராக இருந்த வீடுகளில் 17 சதவிகிதம். கணவனும் அதே காலத்தில் விட்ட வீடுகளில் 50 சதவிகிதம்! ஆண்களிடமும் கிட்டத்தட்ட இதே கதைதான். எப்போதும் நல்லவராகவே இருக்கும் துணையைவிட, தன்னோடு சேர்ந்து அவஸ்தைப்படும் துணைதான் அதிகம் உதவுகிறது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் ஒரு சிக்கல் முளைக்கிறது. 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆண்களில் 19 சதவிகிதம் பேர் புகைப்பவர்கள். பெண்களில் 2 சதவிகிதம்தான். சேர்ந்து விடுவதற்குப் பெரும்பாலான வீடுகளில் ஜோடி இல்லை. அந்த ஜோடி டீக்கடையில் நிற்கிறது. ஆனால், நாமோ பொறுப்பு முழுவதையும் மனைவி தலையில் கட்டுகிறோம். ‘நீதாம்மா அவனைத் திருத்தணும்’ என்கிறார் மாமியார். சட்டைப்பையை மோந்து பார்ப்பது, பாத்ரூம் ஜன்னலைச் சோதிப்பது, ‘என்னங்க, இன்னைக்குமா?’ என்று கண் கலங்குவது என்று அந்தப் பெண் காவல்காரி ஆகிறாள். அவரோ ஏலக்காயும் மிட்டாயும் மென்று தடயம் அழிப்பதில் தேர்ந்துவிடுகிறார்.

காவல் பலன் தருவதில்லை. ஷெல்டன் கோஹன், எட்வர்ட் லிக்டென்ஸ்டீன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், துணைவரின் நடவடிக்கைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாராட்டுவது, மாற்று வழி தேட உதவுவது, எரிந்து விழும்போது பொறுத்துக்கொள்வது எல்லாம் ஒரு பக்கம். ‘நாறுது’ என்று முகம் சுளிப்பது, ‘உன்னால எங்கே முடியும்’ என்று சந்தேகப்படுவது, விடச் சொல்லி நச்சரிப்பது எல்லாம் இன்னொரு பக்கம். முதல் வகை எவ்வளவு கூடி, இரண்டாவது எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குப் புகையை விட்டவர்கள் நிலைத்து நின்றார்கள்.

அப்படியானால் துணைவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் போதுமே என்று பலர் முயன்றார்கள். அந்தச் சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, அந்தப் பயிற்சிகளால் விடுபவர்களின் எண்ணிக்கை கூடவில்லை என்று சொல்லிவிட்டது. பெரும்பாலான பயிற்சிகள், வீட்டில் கிடைக்கும் ஆதரவைக்கூடப் பெரிதாக அதிகரிக்கவில்லை. இரண்டு வகுப்பில் மாறக்கூடியதா தாம்பத்தியம்? அதே அமைப்பு இன்னொரு மதிப்பாய்வில், புகையை விட முயல்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் குழு நிகழ்ச்சிகளை ஆராய்ந்தது. கையேடு படித்துத் தாமாக முயல்பவர்களைவிட இந்தக் குழுவினர் வெற்றி பெறும் வாய்ப்பு 50-லிருந்து 130 சதவிகிதம் வரை அதிகம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் விளங்கும். ஏற்கெனவே கரையில் இருப்பவர் சொல்லும் அறிவுரையைவிட, கூடவே தத்தளிப்பவர் தரும் துணைக்குப் பலன் அதிகம். வீட்டுக்காரர்கள் பொறுமையும் பாராட்டும் தரட்டும். சேர்ந்து விடும் வேலையை, சேர்ந்து பிடித்தவர்கள்தான் செய்ய வேண்டும்.

ஊர் கூடினால்...

1970-ல் மாசசூசெட்ஸின் ராண்டால்ஃப் ஊரில் ஆர்தர் முல்லேனி என்பவர், ‘ஒருநாள் சிகரெட்டை நிறுத்துங்கள், அந்தக் காசைப் பள்ளி மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுங்கள்’ என்று ஊர்க்காரர்களைக் கேட்டார். அந்த எண்ணம் மெல்லப் பரவி, 1976 நவம்பர் 18 அன்று கலிஃபோர்னியாவில் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் ஒருநாள் புகைக்காமல் இருந்தார்கள். மறு ஆண்டு அது நாடு தழுவிய நாள் ஆனது. இங்கிலாந்து அரசு 2012-ல் அக்டோபர் மாதத்தையே இதற்கென ஒதுக்கியது. 28 நாள் சேர்ந்தே நிறுத்துங்கள், அதைத் தாண்டினால் நிரந்தரமாக விடும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்றது. 28 நாளுக்கே அவர்கள் விளம்பரம் செய்ய வேண்டியிருக்கிறது. நம்மிடம் 41 நாள் ஏற்பாடு தானாகவே இருக்கிறது. ரமலானில் பகல் முழுக்கப் புகையின்றி இருக்கும் லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். தவக்காலத்தில் ஒறுத்தலாக சிகரெட்டை விடுபவர்களும் உண்டு. அந்த நாள்கள் முடியும்போது, ‘இதோடு விட்டுவிடலாமே’ என்று கைபிடிக்கத்தான் ஆள் இல்லை.

பக்கத்தில் கேரளம் ஒரு வழி காட்டியது. அங்கே கிராமப்புறங்களில் புகைக்கும் 928 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், ஒரு பகுதியினருக்கு ஊரிலேயே குழுக் கூட்டமும் தனி ஆலோசனையும் தொடர்ந்து கிடைக்கச் செய்தார்கள். ஓர் ஆண்டு கழித்து அவர்களில் 14.7 சதவிகிதம் பேர் புகையை விட்டிருந்தார்கள். அந்த வாய்ப்பு இல்லாத பகுதியில் 6.8 சதவிகிதம். கணக்கு சிறியதாகத் தெரியலாம். தனியாக முயன்றால் நூற்றுக்கு ஐந்து பேரைத் தாண்டாத விஷயத்தில் இது பெரிய எண்.

திருவனந்தபுரத்தின் அச்சுத மேனன் சுகாதார ஆய்வு மையம் ஈடுபட்ட ‘புகையில்லா வீடு’ முயற்சியில் வேறொரு நுணுக்கம் இருந்தது. ‘வீட்டுக்குள் புகைக்காதீர்கள்’ என்று கணவரிடம் தனியாகச் சொல்லத் தயங்கிய பெண்களால், குடியிருப்பே கூடி எடுக்கும் முடிவாக அது வந்தபோது எளிதாகச் சொல்ல முடிந்தது. ‘நான் சொல்லலைங்க, எல்லார் வீட்டுலயும் இதுதான் பேச்சு’ என்பதில் சண்டைக்கு இடமில்லை. மகளிர் சுயஉதவிக் குழு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. கடன் தவணைக்குக் கூடும் அதே கூட்டத்தில் இதையும் பேசலாம்.

முகம் தெரியாத ஒரு துணை

சிலருக்குத் தெரிந்தவர்களிடம் பேசத்தான் கூச்சம். அவர்களுக்காகவே 2016-ல் தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் தொடங்கப்பட்டது: 1800-11-2356. கட்டணம் இல்லை. டெல்லியின் வல்லபபாய் படேல் மார்பு மருத்துவ நிறுவனத்தில் தொடங்கி, பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட இடங்களிலும் மையங்கள் வந்தபின் தமிழிலும் பேச முடிகிறது. விடும் தேதி குறிக்க உதவுவார்கள். பிறகு அவர்களே அழைத்து, ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்பார்கள்.

2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பெட்டியிலேயே இந்த எண் அச்சாகிவருகிறது. ஆனால், ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்குபவர் பெட்டியையே பார்ப்பதில்லை. டீக்கடையில் ‘கடன் அன்பை முறிக்கும்’ பலகைக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி மாட்டினால் என்ன?

நேரில் பார்க்க விரும்புபவர்களுக்கு, 2002-ல் நாடு முழுக்கத் தொடங்கப்பட்ட 13 புகையிலை நிறுத்த மையங்களில் ஒன்று சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அமைந்தது. அரசு மருத்துவமனைகளிலும் ஆலோசனை உண்டு. நிகோடின் சூயிங்கம், மாத்திரைகள் பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம். அந்தச் சூயிங்கத்தைப் பபுள்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாக நாலு மெல்லு மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். மருந்தும் மனிதத் துணையும் சேரும்போதுதான் பலன் அதிகம்.

கூட இருப்பவர்கள் கவனத்துக்கு...

* விடும் தேதியை அவரே குறிக்கட்டும். நீங்கள் குறித்தால் அது உங்கள் தேதி.
* முதல் வாரத்தில் எரிந்து விழுவார். அது நிகோடின் பேசும் பேச்சு. பெரிய குடும்பப் பஞ்சாயத்துகளை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.
* புகைக்கத் தூண்டும் ஒவ்வொரு வேகமும் சில நிமிடங்களில் அடங்கும். அந்த நேரத்தில் தண்ணீர், கடலை மிட்டாய், ஒரு போன் அழைப்பு, தெருமுனை வரை நடை என்று எதையாவது கொடுங்கள்.
* நண்பர் என்றால், ‘நீ அடிக்காதே, நான் மட்டும் அடிச்சுக்கிறேன்’ என்று எதிரே நின்று ஊதாதீர்கள். முடிந்தால் அதே தேதியில் நீங்களும் விடுங்கள். முடியாவிட்டால் டீயை வேறு கடையில் குடியுங்கள்.
* அலுவலகம் என்றால், புகைப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் அந்தப் பத்து நிமிட ஓய்வை எல்லோருக்கும் கொடுங்கள். சிகரெட் இல்லாமலும் எழுந்து போக ஒரு காரணம் கிடைக்கும்.
* ‘எத்தனை நாள் ஆச்சு?’ என்று கேளுங்கள். ‘இன்னைக்கு அடிச்சியா?’ என்று கேட்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் அவர் வந்து, ‘ஒண்ணே ஒண்ணு அடிச்சுட்டேன்’ என்று சொல்லக்கூடும். பெரும்பாலானவர்கள் பல முறை முயன்றுதான் விடுகிறார்கள். ஒன்று அடித்ததோடு எல்லாம் போயிற்று என்று அவரே முடிவுகட்டிவிடுவதுதான் அன்றைய ஆபத்து. ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று யாராவது சொன்னால் அந்த முடிவு உறுதியாகிவிடும். அடுத்த முறை அவர் சொல்லவும் மாட்டார். ‘எந்த இடத்துல, யாரோட இருந்தப்ப அடிச்சே? நாளைக்கு அந்நேரத்துக்கு நானும் கூட வர்றேன்’ என்று கேளுங்கள். அவர் இன்னும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.